ஆறுக்கப்புறம் குத்தின காது

கிட்ட வராதீங்க சிஸ்டர்! அந்த இடுக்கியைக் கீழ வைங்க மொதல்ல. தோட்டை எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன். சீழ் வருதா, வந்துட்டுப் போகட்டும். மாத்திரை குடுங்க, முழுங்கிக்கறேன். வர்ற ஞாயித்துக்கிழமை என் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைப் பெத்தவ ஒரு காது மூளியா நின்னா நல்லாவா இருக்கும்? சம்பந்தியம்மா வேற ரெண்டு காதுலயும் சாவிக்கொத்து மாதிரி ஆட்டிக்கிட்டு வருவாங்க!

இது கிழிஞ்சதே ஒரு கூத்து. தலைக்குக் குளிச்சிட்டு துண்டை உருவினேன் பாருங்க, ஜிமிக்கி நூல்ல மாட்டி... சர்ருனு! காது மீன் வாய் மாதிரி பொளந்துக்கிச்சு. உங்க டாக்டர்தான் தைச்சார். கை நல்ல கை, குறை சொல்லக் கூடாது. ஆனா வாயில துணியைக் கட்டிக்கிட்டுப் பேசினா யாருக்குப் புரியும்? "ஆறினப்புறம் குத்திக்கோங்க"ன்னாராம். எனக்கு "ஆறுக்கப்புறம்"னு விழுந்துச்சு. நானும் ஆறாம் தேதி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து, ஏழாம் தேதி நகைக்கடை ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன்! கடைக்காரர்கூட, "தழும்பு மேலயாம்மா? இன்னும் செவசெவன்னு இருக்கே"ன்னு இழுத்தார். "டாக்டரே தேதி குறிச்சுக் குடுத்திருக்கார், நீ குத்துய்யா"ன்னுட்டேன்.

எங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார் தெரியுமா? "உனக்குத் தோடு போடற காதைவிட, கேக்கற காதுக்குத்தான் மொதல்ல வைத்தியம் பண்ணணும்"னு! குறட்டை விட்டே பக்கத்து வீட்டைக் காலி பண்ண வச்ச மனுஷன், பேச்சைப் பாருங்க!

அப்புறம் வீங்கிச்சு. தோடு கழண்டு விழுந்துடுமோன்னு பயம் எனக்கு. ஆமா, சிரிங்க, நல்லா சிரிங்க... தெனமும் படுக்கறப்போ திருகாணியை இன்னும் ஒரு சுத்து இறுக்கினேன். நேத்து தடவிப் பாக்கறேன், திருகாணியைக் காணோம்! தலையணையை உதறி, மெத்தையைப் பொரட்டி, அவர் சட்டைப் பையைக்கூட விடல. மருமகளா வரப்போற பொண்ணு வந்து எட்டிப் பாத்துட்டு, "அத்தை, அது உங்க காதுக்குள்ளயே குடி போயிடுச்சு"ங்கறா! அவதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து வெளியில உக்காந்திருக்கா. "எனக்குத் தோடு போட்ட மாமியார் வேணாம், காது இருக்கற மாமியார் போதும்"ங்கறா. வாய்க்கொழுப்பு! நம்ம வீட்டுக்கு ஏத்தவதான்.

என்ன, ஜில்லுனு எதையோ தடவறீங்க? தடவுங்க, தடவறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஐயோ... ஊசியா? எறும்பு கடிச்சாப்புலதான் இருக்கு. ஆனா ஒண்ணு, எடுக்கறதா இருந்தா சொல்லிட்டுத்தான் எடுக்கணும். நான் கத்தற கத்துல அந்தப் பொண்ணு கல்யாணமே வேணாம்னு ஓடினாலும் ஓடிடுவா...

அதென்ன தட்டுல டிங்குனு?

எடுத்தாச்சா! திருகாணியோடயா?

அட... சரி, விடுங்க. போட்டோவுல சம்பந்தியம்மா தோளுக்குப் பின்னாடி இந்தக் காதை ஒளிச்சு வச்சுக்கறேன். அதில்ல சிஸ்டர், கத்தறதுக்குன்னு இவ்ளோ மூச்சை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேனே... இதை இப்போ எங்க விடறது?