மாத்திரை எப்போது என்று டாக்டர் கேட்டார்

என் பெயர் ரடோய்க்கா. வயது 61. செர்பியா நாட்டு சாச்சக் நகரில், ஆற்றங்கரைத் தெருவில், காலமான லுபிசாவின் மனைவியாக வசித்து வருகிறேன். காலமான என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வாக்குமூலத்தை எழுதுகிற போலீஸ்காரர் கேட்டதால் சொல்கிறேன்.

என் கணவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. தினம் ஒரு மாத்திரை. காலைக் காபியோடு நான் கொடுத்து வந்தேன். மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார் விதோசாவாவுக்கும் அதே மாத்திரைதான். ராத்திரி போட்டால்தான் கேட்கும் என்று அவர் எதிலோ படித்துவிட்டு ஒரு மாதமாக என்னோடு மல்லுக்கு நின்றார். எங்கள் தெருவில் பிரஷர் பார்க்கும் கருவி இல்லாத வீடில்லை, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், ஆகையால் நான் சட்டை செய்யவில்லை. என் கணவர் சண்டைக்குப் பயந்தவர். கேட்டால், "நீ சொல்றதுதான் சரி, அக்கா பேச்ச விடு" என்பார்.

கடந்த 31ஆம் தேதி எங்கள் குடும்பப் புனிதர் லூக்காவின் நாள். அன்று விருந்தாளிகள் போகும்வரை வீட்டுத் தலைவர் உட்காரக் கூடாது, நின்றேதான் பரிமாற வேண்டும். காலையில் வழக்கம்போல் மாத்திரை கொடுத்தேன். அதன் பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். அதன் பிறகு, சாப்பாட்டின் நடுவில், அவர் முகம் வெளுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் உக்காரட்டுமா?" என்று கேட்டார். நான், "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி மானத்த வாங்காதீங்க" என்றேன். நாத்தனாரும், "அப்பா எம்பது வயசுலயும் நின்னாருடா" என்றார். நாங்கள் இருவரும் ஒரே பேச்சாய்ப் பேசியது அன்றைக்குத்தான். அவர் நின்றார். அதன் பிறகு சாராயக் குப்பியை எடுக்கத் திரும்பியவர் அப்படியே சாய்ந்து, இரும்பு அடுப்பின் விளிம்பில் தலை மோதி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், மாத்திரை எப்போது சாப்பிடுவார் என்று கேட்டார். நான் "காலையில" என்றேன். அதே மூச்சில் நாத்தனார் "ராத்திரி" என்றார். நாத்தனார் என் கையைப் பிடித்து, "நீ குடுக்கறத துப்பிடறேன்னு சொன்னானேடி" என்றார். அவர் கொடுப்பதே எனக்குத் தெரியாது. இரண்டு வேளையும் போட்டதில் பிரஷர் இறங்கியிருக்கும், உட்கார வைத்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு, உயிர் போய்விட்டது என்று வந்து சொன்னார்கள்.

என் மகன் தன் அத்தை மேல் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். நாத்தனார் விஷம் வைக்கவில்லை. நான் கொடுத்ததைத்தான் அவரும் கொடுத்தார். வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. வழக்கில் அவர் பெயரை எழுதுவதானால், அதற்கு மேலே என் பெயரை எழுதவும்.

(ஒப்பம்) ரடோய்க்கா