மூணு தடவை கீழ

தேனியில் ஏறிய இரண்டு பெண்கள் பண்ணைப்புரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் கையில் ஒரு பட்டன் போன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு.

"மூணு தடவை கீழ அமுக்கி, பச்சையை அமுக்குனா என் மகன். எழுத்துத் தெரியாதவளுக்கு அம்புட்டுதான் தெரியும்."

"இப்ப என்னக்கா ஆச்சு?"

"அடிக்கடி நின்னு போகுதுன்னு கடையில குடுத்தேன். புதுசா சாப்ட்வேர் ஏத்தித் தந்தாக. மகனை எங்கன கொண்டுபோய் வச்சாகளோ, மூணாவது எடத்துல இப்ப டிராக்டர்காரரு இருக்காரு."

"அய்யய்யோ!"

"தெனமும் சாயந்தரம் மிஸ்டு கால் குடுப்பேன், மகன் திருப்பூர்ல இருந்து திருப்பிக் கூப்பிடுவான். நாலு நாளா டிராக்டர்காரருதான் கூப்பிடுறாரு, 'உழவுக்கு வரணுமாத்தா'ன்னு."

இளையவள் சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "நாலு நாளா மிஸ்டு கால் வரலையேன்னு ஒங்க மகன் கூப்பிடலையாக்கா?"

மூத்தவள் போனை முந்தானையில் துடைத்தாள்.

"மாத்தாம ஒரே மாதிரி வச்சா என்ன இந்தக் கடைக்காரவுகளுக்கு? இருந்தது இருந்தபடி இருந்திருந்தா, இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."