மதிலுக்கு மேலே செம்பருத்தி

— மூணு செடியையும் இன்னைக்கே வெட்டிப்போடுங்க. அருவா அந்தச் சாக்குக்குப் பின்னால இருக்கு.

— ஏளா செல்லக்கனி, வெயிலு மண்டைக்கு ஏறிட்டா? சித்திர மாசத்துல பூத்து நிக்கிற செடிய யாராவது வெட்டுவாவளா?

— மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டு சங்கரம்மா இன்னும் தூங்கல. காலையில குழாயடியில வச்சு எல்லாருக்கும் கேக்கும்படியா கேட்டா. 'எங்க வீட்டு முருங்கையே கருகிட்டு, ஒன் வீட்டுச் செம்பருத்தி மட்டும் மதிலுக்கு மேல இப்பிடிச் செவந்து கெடக்கே, ஒத்தப் பொம்பள எத்தன குடம் சுமக்க?'ன்னு.

— நீ என்ன சொன்ன?

— என்னத்தச் சொல்ல? ரெண்டு குடந்தான்னேன். அது அவளுக்கும் தெரியும். நான் தண்ணி எடுக்கப் போறதும் வாரதும் பாக்கத்தான அவ வாசல்ல உக்காந்திருக்கா.

— குடத்துலயா இருக்கு சங்கதி? கேட்டுக்கோ. மாசியில ஒவ்வொரு கம்பையும் ஒரு சாண் விட்டுக் கவாத்து எடுத்தேன். புதுசா வார கம்புலதான் இது பூக்கும். நம்ம கெணத்துத் தண்ணி உப்பு, அத ஊத்துனா ரெண்டு நாள்ல எல பழுத்திரும். அதனால அரிசி கழுவுன தண்ணி, நான் குளிச்ச தண்ணி, ஒரு சொட்டு வீணாக்கல. தூருல தேங்காச் சவுரி நாரப் பரப்பி வச்சிருக்கேன், வெயிலு மண்ணத் தொடாது. இன்னைக்கு அடுக்குச் செடியில மட்டும் பதினாலு பூ தெரியுமா?

— அதத்தான் நானும் சொல்லுதேன். எனக்குச் செடி வளக்கத் தெரியுமா? கல்யாணமாகி வந்த வருசமே துளசியப் பட்டுப்போக விட்டவன்னு தெருவுக்கே தெரியும்.

— எங்கிட்ட கத்துக்கிட்டேன்னு சொல்லேன்.

— நீங்கதான் எட்டு மாசத்துக்கு முந்தியே கொளும்புக்குத் தோணி ஏறிப் போயிட்டீயளே! ஊரு பூரா அப்படித்தான சொல்லி வச்சிருக்கேன்.

— ம்.

— இன்னொண்ணும் சொன்னா. முந்தாநாளு மதியம் மதிலுக்கு மேல ஒரு கை தெரிஞ்சுதாம். வளையல் இல்லாத கை. கொப்ப வளச்சு எலைக்கு அடியில எதையோ தொடச்சுக்கிட்டு இருந்துதாம்.

— மாவுப்பூச்சி. உச்சிக் கொப்புல வெள்ளையா அப்பிக் கெடந்துது. பொகையிலத் தண்ணியில துணிய முக்கித் தொடச்சேன். விட்டா மொட்டெல்லாம் உதுந்து போவும். தெருவே தூங்குற நேரமுன்னு நெனச்சிட்டேன்.

— மொட்டு உதுந்தா உதுந்துட்டுப் போவுது. உங்க கையில விலங்கு விழுந்தா? அவ மச்சினன் போலீசுல ஏட்டு. மறந்துட்டீயளா?

— மறக்கல.

— அப்ப வெட்டுங்க.

— மாட்டேன்.

— என்னங்க, சொன்னாக் கேளுங்க...

— நீ கேளு. வெள்ளைக்காரன் போவணும்னு தந்திக் கம்பிய அறுத்துட்டு, ஆவணியில இந்தக் கருப்பட்டி அறைக்குள்ள வந்து ஒளிஞ்சேன். நீட்டிப் படுத்தா கால் செவுத்துல முட்டுது. கதவத் தாண்டுனா நாலு எட்டு மண்ணு, சுத்திலும் மதிலு. ஹார்பர்ல கப்பல் ஊதுறது காதுல விழுது, கடலு கண்ணுல படல. இருமல் வந்தா தலவாணிய வாயில வச்சு அமுக்குதேன். காலையில கதவிடுக்கு வழியாப் பாத்தா, நேத்து மொட்டா இருந்தது விரிஞ்சிருக்கும். சாயந்தரம் சுருங்கிரும். அத வச்சுத்தான் ஒரு நாளு போச்சுன்னே எனக்குத் தெரியுது. அதையும் வெட்டச் சொல்லுதியே!

— நான் மட்டும் என்ன தேருல ஏறி ஊர்கோலமா போறேன்? கோயிலுக்குப் போனா பாதியில ஓடியாரணும். எங்கம்மா சாயர்புரத்துல இருந்து வந்தா, ராத்தங்க விடாம அனுப்பணும். ரெண்டு துண்டு மீனு கூட வாங்குனா 'யாருக்குளா?'ன்னு கேக்குதாவ. ஒத்த ஆளு சமச்ச மாதிரி அடுப்புப் பொகை கூட அளவா போவணும்.

— தெரியுது. அதுக்குத்தான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். என் வெள்ளச் சட்டைய எடு.

— எதுக்கு?

— டேசனுக்குப் போறேன். 'நாந்தான் சங்கரபாண்டியன், நீங்க தேடுற ஆளு'ன்னு போய் நிக்கேன்.

— அய்யோ, வேண்டாம்!

— ரெண்டு வருசம் போடுவான். போடட்டும். பாஸ்கலும் நானும் ஒண்ணாத்தான் கம்பத்துல ஏறுனோம். அவன் பாளையங்கோட்டை செயில்ல களி திங்கான். நான் இங்கன பொண்டாட்டி கையால சுடுசோறு திங்கேன். தொண்டையில எறங்குமா? இனி என்னால ஆவாது.

— செடி இருக்கட்டுங்க. வெட்ட வேண்டாம். சங்கரம்மாகிட்ட நான் எதையாவது சொல்லிக்கிடுதேன். நீங்க உள்ள போங்க.

— இப்பத்தான அருவாள எடுன்ன?

— புத்தியில்லாமச் சொல்லிட்டேன். நாளையில இருந்து நாலு குடம் சுமக்கேன். எட்டு வேணும்னாலும் சுமக்கேன்.

— கதவ விட்டு வெலகு.

— மாட்டேன்.

— அழாத கனி. செயிலு எனக்கு என்ன புதுசா?

— புதுசா இருந்தா நான் ஏன் அழுவேன்? நம்ம பிள்ள காய்ச்சல்ல கெடந்து போனப்ப நீங்க திருச்சி செயில்ல இருந்தீய. எங்க அண்ணன்தான் குழி தோண்டுனாவ. வெளிய வந்து பத்து நாளு வீட்டுல இருந்தீய. பொறவு கூட்டம், ஊர்வலம், கொடி. கட்டிக்கிட்டு ஆறு வருசத்துல நீங்க சேந்தாப்புல ஒரு மாசம் என் கையால சாப்பிட்டது கெடையாது. இந்த எட்டு மாசந்தான் நான் சோறு போட நீங்க இருந்தீய. காலையில சாமிக்குன்னு நாலு பூவப் பறிச்சு என் கையில தந்தீய. திருடி மாதிரி வாழ்ந்தாலும் புருசன் பொஞ்சாதியா வாழ்ந்தோம்.

— எங்கிட்ட குத்தம் இருக்கு. இல்லேங்கல. ஆனா என்னைக்கா இருந்தாலும் வந்து பிடிக்கத்தான் போறாவ. நானாப் போனா கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

— பிடிக்க மாட்டாவ.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— டேசன்ல போய் நின்னா, சிரிச்சு அனுப்பிருவாவ.

— என்னளா உளறுத? அழுகைய நிறுத்திட்டு வெவரமாச் சொல்லு.

— பாஸ்கல் அண்ணன் தை மாசமே விடுதலையாயி வந்துட்டாவ. நம்ம வாசல்ல நின்னு, 'சாட்சிக்காரன் ஒருத்தனும் அடையாளம் சொல்லல, தங்கச்சி. கேசு தள்ளியாச்சு. ஒன் வீட்டுக்காரருக்குக் காயிதம் போட்டு வரச் சொல்லு'ன்னுட்டுப் போனாவ. உங்கள இப்ப யாரும் தேடலங்க... நீங்க இங்க இருக்கது சங்கரம்மாவுக்குத் தெரிஞ்சா இதுவும் உங்க காதுக்கு வந்துருமேன்னுதான் செடிய வெட்டச் சொன்னேன். நாந்தான் சொல்லாம வச்சிருந்தேன்.