இளநீர் குடித்தால் ஜெனரேட்டர் புகை போகுமா?

“நீ பொய் சொல்றய்யா. இளநியா உன்னக் காப்பாத்துச்சி?”

பாகூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், ஆஸ்பத்திரியிலிருந்து புருஷனை வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். புயலில் கரண்டு போனதும், அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, இந்த ஆள் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டியிருக்கிறான். புகையில் மயங்கி விழுந்திருக்கிறான்.

“ஆஸ்பத்திரில ரெண்டு இளநி குடிச்சேன். விஷம் மொத்தமும் ஒண்ணுக்குல போயிடுச்சி” என்றான்.

“டாக்டர் சொல்லசொல்ல தூங்கிட்டியா? அது ரத்தத்துல ஒட்டிக்குமாம். மூச்சு வழியாதான் வெளிய போவுமாம். சும்மா காத்துல பாதி போவவே நாலஞ்சு மணி நேரம் ஆவுமாம். மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் குடுத்ததாலதான் சீக்கிரம் போச்சி.”

“அப்ப இளநி எதுக்கு?”

“தாகத்துக்கு.”

பின் சீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆளுக்கு இது வேண்டியதுதான்.

“ஜெனரேட்டர ஏன்யா உள்ள வச்ச? வெளிய வச்சா சத்தம் கேட்டு பக்கத்து வூட்டுக்காரரு செல்லுக்கு சார்ஜ் போட வந்துடுவாருன்னுதானே?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அவருதான் கதவ ஒடச்சி உன்னத் தூக்கிக்னு ஓடுனாரு. தெருவுல இன்னும் கரண்டு வரல. இன்னிக்கி ஜெனரேட்டர் வாசல்லதான் ஓடும். இந்த பஸ்ல இருக்கற எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. அவரு சார்ஜ் போட்டுக்கலாமா, கூடாதா?”