இருநூத்திப் பத்து வீட்டுக்கும் ஒரே மடிப்பு

...மணியை அடிச்சிடாதீங்க நடுவர் ஐயா! ஒரு குட்டிக் கதை பாக்கி இருக்கு. அதைச் சொல்லிட்டு நானே உட்கார்ந்துடுறேன்.

பத்திரிகையில மேலாடை இல்லாத பொண்ணுங்க படத்தைப் போடலாமா, கூடாதா? இதானே தலைப்பு? "தடை பண்ணு"ன்னு இந்த அணி மேசையைத் தட்டுச்சு. "பிடிக்கலைன்னா பக்கத்தைப் புரட்டிட்டுப் போ"ன்னு அந்த அணி தட்டுச்சு. பாவம், அடி வாங்குனது மேசைதான்.

நான் சொல்லப் போறது வீடு வீடா பேப்பர் போடுற ஒரு அம்மாவைப் பத்தி. ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். ஏன்னு கடைசியில உங்களுக்கே விளங்கும். அந்தம்மா பேரு... சந்தனமாரின்னு வச்சுக்குவோம். பதினஞ்சு வருஷமா சைக்கிள்ல போறாங்க. அவங்க லைன்ல இருநூத்திப் பத்து வீடு. புருஷன் இல்லை. அந்த லைன்தான் அவங்களுக்குச் சோறு.

ஞாயித்துக்கிழமை பேப்பரோட ஒரு இணைப்பு வரும் இல்லையா? அது முந்தின நாளே ஏஜெண்டு கடைக்கு வந்துடும். காலையில ஒவ்வொரு பேப்பருக்குள்ளயும் அதைச் சொருகி எடுத்துட்டுப் போகணும். ஒரு சனிக்கிழமை இணைப்புக் கட்டைப் பிரிக்கிறாங்க... முதல் பக்கம் முழுக்க ஒரு பொண்ணு. இடுப்புக்கு மேல துணி இல்லை. முதுகைக் காட்டி நின்னு, முகத்தை மட்டும் நம்ம பக்கம் திருப்பிச் சிரிக்குது.

சந்தனமாரி கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தாங்க. கட்டைத் திரும்பக் கட்டி வச்சாங்க.

மறுநாள் அந்த லைன்ல பேப்பர் அரை மணி நேரம் லேட்டு! எடுத்துப் பார்த்தா இணைப்பையே மாத்தி மடிச்சிருக்கு. சமையல் குறிப்பு வெளிய, பொண்ணு படம் உள்ள. ஒரு வீட்டுக்கு இல்லைங்க... இருநூத்திப் பத்து வீட்டுக்கும்! ஒரு ரிட்டயர்டு தாசில்தார் ஏஜெண்டுக்குப் போன் போட்டுட்டார். "என்னய்யா இது, இணைப்பை எடுத்தா வத்தக்குழம்பு வருது?"

ஏஜெண்டு அண்ணாச்சிக்குக் கோபம் வராம இருக்குமா? அந்தம்மா சைக்கிளை நிறுத்துறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டார்.

"ஏம்மா, ஊரைத் திருத்தக் கிளம்பிட்டியா? அசிங்கமா இருந்தா கண்ணை மூடிட்டுச் சொருக வேண்டியதுதானே!"

"அசிங்கம்னு நான் சொன்னேனா அண்ணாச்சி?"

"பின்னே?"

"அந்தப் பொண்ணோட அம்மா நம்ம லைன்ல இருக்காங்க."

அண்ணாச்சி ஒரு இணைப்பை உருவி, அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"பேரை மாத்திப் போட்டிருக்காங்க, யாருக்கும் தெரியாது. ஆனா அது பாவாடை சட்டையில நின்ன காலத்துல இருந்து நான் பார்த்த முகம். வாசல் கேட்டுக்கு ஓடி வந்து எங்கிட்ட பேப்பர் வாங்கும். இப்ப அவங்கம்மா வந்து வாங்குறாங்க. தினமும் கையிலதான் குடுக்கேன். அந்தப் படத்தை நான் எப்படி அண்ணாச்சி அந்தக் கையில குடுப்பேன்?"

"சரி... அந்தம்மாவுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியுமோ தெரியாதோ. தெரிஞ்சா அவங்க மக சொல்லித் தெரியட்டும். நான் குடுத்த பேப்பரை என் முன்னாடியே பிரிச்சுத் தெரிய வேண்டாம்."

இப்பத்தான் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார் பாருங்க. நீங்களும் நானும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. "அப்ப அந்த ஒரு பேப்பரை மட்டும் மாத்தி மடிச்சிருக்கலாமே! மத்த இருநூத்தி ஒம்போது வீடு என்ன பண்ணுச்சு?"

சந்தனமாரி சொன்னாங்க... "அவங்களுக்கு மட்டும் மாத்தி மடிச்சா, பக்கத்து வீட்டுல பிரிச்சு வச்சிருக்கிற பேப்பரைப் பார்ப்பாங்களே அண்ணாச்சி. 'இவளுக்கும் தெரிஞ்சுபோச்சு'ன்னு புரிஞ்சிடுமே. அப்புறம் நாளைக்கு எப்படி என் முகத்தைப் பார்ப்பாங்க?"

ஐயா! எனக்கு இதைச் சொல்லும்போதே உடம்பு சிலிர்க்குது. ஒரு அம்மாவோட மானத்தை மறைக்க ஒரு பேப்பர் போதும். ஆனா மறைச்சதே தெரியாம மறைக்கணும்னா... இருநூத்திப் பத்து வேணும்! இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?

அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எந்த வீடும்மா?"

"அதைச் சொல்லித்தான் ஆகணும்னா, லைனை வேற ஆளுக்குக் குடுத்துடுங்க அண்ணாச்சி."

சோத்தை விட்டுட்டுப் போறேன்னு சொல்றாங்க! வீட்டு நம்பரைச் சொல்லமாட்டேங்கிறாங்க!

கடை வாசல்ல விக்கிறதுக்கு அடுக்கியிருந்த பேப்பர் அம்பது இருந்துச்சு. அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு இணைப்பா எடுத்து, விரிச்சு, மாத்தி மடிக்க ஆரம்பிச்சார். மடிச்சுக்கிட்டே கேட்டார். "அந்தப் பொண்ணோட அம்மா ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"'இன்னிக்கு லேட்டாயிருச்சே மாரி'ன்னு சிரிச்சாங்க. தினம் சிரிக்கிற சிரிப்புதான். அது போதும் அண்ணாச்சி எனக்கு."

இதை எனக்குச் சொன்னது அந்த அண்ணாச்சிதான். எந்த வீடுன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு பண்ணுனது சரியா தப்பான்னு சந்தனமாரி ஒரு வார்த்தை பேசலை, கவனிச்சீங்களா?

பெரியோர்களே, தாய்மார்களே! படம் போடுறது உரிமையா, குற்றமா... அதைச் சட்டம் தீர்மானிக்கட்டும். ஆனா இந்த மேடையில ரெண்டு மணி நேரமா அந்தப் பொண்ணை நாம எல்லாரும் ஒரு படமாத்தான் பார்த்தோம். ஒரே ஒருத்தங்கதான் அதைப் பக்கத்துத் தெருப் பிள்ளையாப் பார்த்தாங்க. அவங்க இந்த மேடைக்கு வரலை. நாளைக்குக் காலையில அஞ்சரை மணிக்கு ஒரு கேட்டுல நின்னு பேப்பர் குடுப்பாங்க.

எந்த ஊர்னு மட்டும் கேட்காதீங்க.