கொக்கின் இடது இறக்கை

சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்க மாமியாரு பொடவ கொக்கு ரெக்கையில கீதுக்கா."

"இன்னாடி சொல்ற?"

"ஏரிக்கரையை அழகு பண்ணப் போறாங்க இல்ல? ஏரியில அள்ளுன துணி, பாட்டிலு, இதுலயே பெரிய கொக்கு செஞ்சி வெக்கலாம்னு ஒரு பொண்ணு நகராட்சியில சொல்லிக்கீது. மாதிரிக்குச் சின்னதா ஒண்ணு கரையில வெச்சிக்கீது."

"அதே பொடவதான்னு எப்படிச் சொல்ற?"

"ஊதாவுல மஞ்ச கரை. நான் எடுத்துக் குடுத்தது. அவங்க கருமாதி அன்னிக்கி நான்தான் தண்ணில வுட்டேன்."

"அவுக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். உடனே அந்தப் பொண்ணு அவுத்து, மடிச்சி, என்கிட்ட நீட்டுது. தண்ணில வுட்டத எப்படிக்கா வூட்டுக்குக் கொண்டாரது? வேணாம், திரும்பக் கட்டிடுன்னுட்டு வந்துட்டேன்."

"உங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"சொல்லல. தெனம் சாயங்காலம் அங்கதான் போய் குந்திக்கினு கீறாரு. கொக்கு நல்லா கீதுன்றாரு."

மூத்தவள் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"கருமாதி முடிஞ்சி திரும்பிப் பாக்காம வரணும்னாங்க. பாக்காமதான் வந்தேன்" என்றாள் இளையவள்.

பேருந்து ஏரிப் பக்கம் திரும்பியது. இளையவள் முகத்தை ஏரி தெரியாத பக்கம் திருப்பிக்கொண்டாள். மூத்தவள் கம்பியைப் பிடித்து எழுந்து, குனிந்து ஜன்னல் வழியே பார்த்தாள்.

"எந்த ரெக்கை?"

"எடதுக்கா" என்றாள், திரும்பாமலே.