பூநாரை நின்ற சேறு

ஏரியில் பறவை பார்க்கத் தை மாதம்தான் நல்ல மாதம், துபாஷி ஐயா. வெயில் உறைக்காது, தண்ணீர் வற்றத் தொடங்கியிருக்கும், பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். மாசிலாமணியை நான் கூட்டிக்கொண்டு போனதும் தை மாதத்தில்தான்.

அவன் சீட்டித் துணியில் சித்திரம் எழுதுகிறவன். நல்லவன், குறை சொல்ல மாட்டேன். ஒல்லாந்தர்கள் துணியில் பறவை கேட்கிறார்கள் என்று கோட்டையிலிருந்து ஒரு தூரக்கண்ணாடியை இரவல் வாங்கி வந்தான். என்னுடையது இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற சின்னத் தோணி. கோல் ஊன்றிப் போனால் சத்தமே வராது. அதில் உட்கார்ந்து காலையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பான்.

எனக்கு அதுதான் உறுத்தியது. கோட்டைக்குப்பத்தில் நாங்களும் பறவை பார்ப்போம். கூழைக்கடா இறங்கினால் அங்கே மீன் இருக்கும், வலையை எடுப்போம். பறவையைப் பறவைக்காகவே பார்க்கிற ஒருவனை என் ஆயுளில் கண்டதில்லை. வேறு எதையோ பார்க்கிறான் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஒரு நாள் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னான்: "இதுல பாத்தா றெக்கைக்குள்ள கீற செவப்புகூடத் தெரியுது சடையா. போன மாசம் பூரா அந்தத் திட்டு மேலதான் குந்தினு இருந்தேன். ஒண்ணும் கண்ணுக்குத் தப்பாது."

போன மாதம் அந்தத் திட்டுக்குப் பக்கத்துக் கால்வாய் வழியாகத்தான் என் அண்ணி அங்காளம்மாளைத் தோணியில் கொண்டுபோனேன். அவள் கட்டியிருந்ததும் சிவப்புச் சேலை.

அண்ணன் கடலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, திரும்பவில்லை. ஏரியில் வலை போடுவதற்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு முறை உண்டு, பாடு என்போம். அண்ணி தாலியைக் கழற்றாதவரை அண்ணனுடைய முறை அவள் வீட்டுக்குத்தான், கழற்றினால் தம்பி எனக்கு. அவள் ஆள் வைத்து வலை போட்டாள். தாலியைக் கழற்றுவதாக இல்லை. நானும் பொறுத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் கீழைத் தீவுகளுக்கு அடிமைகளை ஏற்றும் கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. அண்ணன் அதில் வந்திருக்கிறார், நடக்க முடியவில்லை என்றேன். தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஒரே கேள்விதான்.

"கொழுந்தனாரே, அவரு ரொம்ப எளச்சிப் பூட்டாரா?"

கொஞ்சம்தான் இளைத்திருக்கிறார் என்றேன். அவள் மனம் நோகக் கூடாதே. கப்பல்காரன் கையில் ஒப்படைத்துவிட்டு வந்து, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஊரில் சொன்னேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தக் கப்பலில் வேளைக்குச் சோறு போடுவார்களாம்.

மாசிலாமணி அதைப் பார்த்திருந்தால் சும்மா இருப்பானா? மறுநாள் அவனுக்குப் பூநாரைக் கூட்டத்தைக் காட்டினேன். தோணி கிட்டே போனால் பறந்துவிடும், பறவை நிற்கிற இடத்தில் மனிதன் நிற்க மாட்டானா, இறங்கி நட என்றேன். அந்தச் சேறு பறவையைத்தான் தாங்கும், மனிதனைத் தாங்காது. எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் அது தெரியும். அவன் துணிக்காரத் தெருவில் பிறந்தவன்.

இடுப்புவரை புதைந்ததும் கண்ணாடியை என் பக்கம் நீட்டினான். "இத்தப் புடி சடையா. இரவல் சாமான், நனஞ்சிடப் போவுது." வாங்கிக்கொண்டேன். அடுத்துக் கோலை நீட்டச் சொன்னான். நீட்டவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். அவனைத் தொடவே இல்லை. கடல் ஏற்றத்தில் தண்ணீர் தானாக ஏறியது.

அவன் சத்தம் அடங்கிய பிறகு அந்தத் திட்டுக்குப் போய், அவன் குந்தியிருந்த இடத்தில் குந்திக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கால்வாய் தெரியவில்லை. நாணல் மறைக்கிறது. பூநாரைகள் மட்டும் தெரிந்தன, றெக்கைக்குள் சிவப்போடு. இருந்தாலும் அவன் எழுந்து நின்றிருந்தால் பார்த்திருக்கலாம் அல்லவா?

கண்ணாடியைக் கோட்டையில் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். இரவல் சாமானை வைத்துக்கொள்வது தப்பு.

மாசிலாமணி எப்படிச் செத்தான் என்றுதானே கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அங்காளம்மாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அது குடும்ப விஷயம், எழுத வேண்டாம். பொழுதோடு என்னை விட்டுவிட்டால் நல்லது. நாளைக்கு ஏரியில் வலை போட அண்ணனுடைய முறை. பாவம், அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை, நான்தான் போயாக வேண்டும்.